செயலி போதும், பெஞ்சு போடுங்கள்

மனம் சரியில்லையா, 14416-ஐ அழையுங்கள் என்கிறது ஒன்றிய அரசு. டெலி மானஸ் என்ற இந்தத் தொலைபேசி ஆலோசனைச் சேவை தொடங்கியது 2022 அக்டோபர் 10-இல். சரியாக ஈராண்டு கழித்து அதற்கொரு செயலியும் வந்துவிட்டது. நள்ளிரவில் தவிப்பவருக்கு அந்த எண் தேவைதான். ஆனால், தனிமைக்கும் மனச்சோர்வுக்கும் அரசு நீட்டுகிற முதல் மருந்தே கைப்பேசி என்றாகிவருவது கவலை தருகிறது. ஆறுதல் சொன்ன அந்தக் குரல் மறுநாள் கடைத்தெருவில் எதிர்ப்பட்டு, ‘சாப்பிட்டியாம்மா?’ என்று கேட்காது.

உலகில் ஆறில் ஒருவர் தனிமையில் வாடுவதாக உலக சுகாதார நிறுவனம் 2025-இல் சொன்னது. இதற்கான பதில் ஜிம்பாப்வேயில் இருக்கிறது.

நாடு முழுவதற்கும் பத்துப் பன்னிரண்டு மனநல மருத்துவர்களே இருந்த காலம். பேருந்துக் கட்டணத்துக்கு வழியின்றி மருத்துவமனைக்கு வர முடியாத ஓர் இளம்பெண் தற்கொலை செய்துகொண்டார். அவருக்குச் சிகிச்சை அளித்துவந்த மருத்துவர் டிக்சன் சிபாண்டாவை அந்த மரணம் உலுக்கியது. 2006-இல் தலைநகர் ஹராரேயின் ம்பாரே பகுதியில் 14 பாட்டிமாருக்குப் பயிற்சி கொடுத்தார். சுகாதார நிலையத்துக்குள் இடமில்லை. வெளியே பெஞ்சு போட்டார்கள். பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார். வந்தவர் தன் பிரச்சினைகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒன்றைத் தேர்ந்து, அதற்குத் தானே வழி தேட வேண்டும். பிறகு குழுவில் சேர்த்துவிடுவார்கள். அங்கே பழைய பிளாஸ்டிக்கில் பை பின்னியபடியே பெண்கள் பேசுகிறார்கள்.

இந்தப் பெஞ்சுகள் பற்றி 573 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2016-இல் வெளியானது. ஆறு மாதங்களுக்குப் பிறகு, வழக்கமான கவனிப்பு பெற்றவர்களில் ஏறத்தாழ 50 சதவீதத்தினரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. பெஞ்சில் உட்கார்ந்தவர்களில் 14 சதவீதத்தினரிடம் மட்டுமே!

இந்த இரண்டு எண்களையும் கோப்பில் கட்டிவைத்துவிட்டு இன்னும் எதற்குச் செயலி? ‘படிப்பு குறைந்த பெண்களிடம் மனநோயை ஒப்படைப்பதா?’ என்று கேட்பவர்கள் ஹராரேக்கு ஒருமுறை போய்வரட்டும். பெஞ்சால் குடும்பத்துக்கும் பயனுண்டு. மனப் பாரம் முழுவதையும் கணவன் அல்லது மனைவி தலையிலேயே இறக்கிவைப்பதால் நொறுங்கும் குடும்பங்கள் எத்தனை! காதுகொடுக்க வெளியே ஒருவர் இருந்தால் வீட்டுக்குள்ளும் மூச்சுவிட இடம் கிடைக்கும்.

தமிழ்நாட்டில் இதற்கான ஆட்கள் ஏற்கெனவே களத்தில் இருக்கிறார்கள். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மகளிர் சுய உதவிக்குழுப் பெண்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். எந்த வீட்டில் சண்டை, எந்த வீட்டில் பேச்சே இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்களுக்குப் பயிற்சியும் மாதந்தோறும் தவறாத ஊதியமும் கொடுத்தால், மனநலப் புறநோயாளிகள் வரிசை குறையக்கூடும். செயலிக்கு ஒதுக்கும் பணத்தை வரும் நிதிநிலை அறிக்கையிலேயே ஆரம்ப சுகாதார நிலையங்களின் பக்கம் திருப்ப வேண்டும்.