பல்லைப் பிடுங்குமுன் ஒரு சொல்

கூட்டுறவுச் சங்கம் என்பது நூல் வாங்கித் தருவதற்கும் விளைபொருளை விற்றுத் தருவதற்கும் மட்டும் ஏற்பட்ட அமைப்பு அன்று. அங்கத்தினரின் உடல் நலமும் சங்கத்தின் மூலதனமே. தறியில் அமர்பவர் நோயுற்றால் தறி நிற்கும். வயலில் இறங்குபவர் படுத்துவிட்டால் பயிர் வாடும். ஆதலால் இம்மாதம் விலை நிலவரத்தையும் கடன் வசூலையும் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, நம்மில் பெரும்பாலோர் பொருட்படுத்தாத ஒரு சிறு உறுப்பாகிய பல்லைப் பற்றி எழுத முற்படுகிறோம்.

நம்மிடையே அடிக்கடி காணும் காட்சி இது. கடைவாய்ப் பல்லில் சொத்தை விழுகிறது. குளிர்ந்த நீர் பட்டால் கூசுகிறது. கிராம்பை வைத்து அடக்குகிறோம். சில மாதங்கள் கழித்து நடு இரவில் வலி எழுப்பிவிடுகிறது. கடையில் மாத்திரை வாங்கி விழுங்குகிறோம். பாவு முடியட்டும், அறுவடை ஆகட்டும், பண்டிகை கழியட்டும் என்று நாளைத் தள்ளுகிறோம். ஒரு நாள் வலி தானே நின்றுவிடுகிறது, நிம்மதி அடைகிறோம். பின்னர்க் கன்னம் வீங்கியதும் ஓடிப்போய், "பிடுங்கிவிடுங்கள்" என்று வாயைத் திறக்கிறோம். பிடுங்குவது எப்போதும் தவறு என்பது நம் கட்சி அன்று. காப்பாற்ற முடியுமா என்று கேளாமலே பிடுங்கச் சொல்வது தவறு என்பதே நம் கட்சி.

பல் என்பது வெறும் எலும்புத் துண்டு அன்று. மேலே எனாமல் என்னும் கடினமான உறை. அதன் கீழ் சற்று மென்மையான ஒரு படலம். எல்லாவற்றுக்கும் நடுவே நரம்பும் இரத்தக் குழாய்களும் நிறைந்த கூழ் போன்ற சதை. இச்சதை வேரின் உட்புறமுள்ள மெல்லிய கால்வாய் வழியே சென்று, வேர் நுனியில் உள்ள சிறு துளை வழியாகத் தாடையோடு தொடர்பு கொள்கிறது. மேல் முன்பல்லுக்குப் பெரும்பாலும் ஒரு கால்வாய். கீழ்க் கடைவாய்ப் பல்லுக்குப் பொதுவாக மூன்று. மேல் கடைவாய்ப் பல்லுக்கு மூன்று அல்லது நான்கு.

நாம் உண்ணும் இனிப்பை வாயிலுள்ள கிருமிகள் அமிலமாக மாற்றுகின்றன. அவ்வமிலம் எனாமலை அரிக்கிறது; கிருமி உள்ளே நுழைகிறது. உட்சதையைக் கெடுப்பது கிருமியே என்பதை அமெரிக்காவில் 1965-ஆம் ஆண்டு நடந்த ஒரு சோதனை தெளிவாகக் காட்டிற்று. சாதாரண எலிகளின் பல்லைத் துளைத்து உட்சதையைத் திறந்து விட்டபோது அது அழுகி மடிந்தது. கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த எலிகளிலோ, திறந்த இடம் தானே மூடிக்கொண்டது.

வலிக்கும் ஒரு மொழி உண்டு. அதை நாம் அறிந்துகொள்ள வேண்டும். குளிர்ச்சி பட்டதும் கூசி, அது நீங்கியதும் சில நொடிகளில் அடங்கிவிட்டால், உட்சதை பெரும்பாலும் தேறக்கூடிய நிலையில் இருக்கிறது. அப்போது சொத்தையைச் சுரண்டி அடைப்பதே போதும், செலவும் குறைவு. குளிர்ச்சியோ சூடோ நீங்கிய பிறகும் வலி நீடித்தால், காரணமின்றித் தானே எழுந்தால், இரவில் உறக்கத்தைக் கெடுத்தால், உட்சதை மீளாத நிலையை அடைந்துவிட்டது என்று கொள்ளலாம். அதன்பின் வலி திடீரென்று நின்றால் மகிழ வேண்டாம். உணர்ச்சியைச் சொல்லும் நரம்பு செத்துவிட்டது என்பதே அதற்குப் பொருளாகலாம். காவற்காரன் மடிந்தபின் வீட்டில் நிலவும் அமைதியைப் போன்றது அது. கிருமிகள் வேர் நுனியைக் கடந்து தாடை எலும்பை அரிக்கத் தொடங்கும், சீழ் கட்டும். தாடையின் கீழும் கழுத்திலும் வீக்கம் பரவி, விழுங்கவோ மூச்சு விடவோ வாயைத் திறக்கவோ சிரமம் ஏற்பட்டால் அது உயிருக்கே ஆபத்து. விடியட்டும் என்று காத்திராமல் அந்நேரமே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கடை மாத்திரையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வலி மாத்திரை வலியை மறைக்குமேயன்றி நோயைத் தீர்க்காது. கிருமிக் கொல்லி மாத்திரையோ இரத்தத்தின் வழியே செல்வது. இரத்த ஓட்டமே இல்லாத செத்த சதைக்குள் அது எங்ஙனம் போய்ச் சேரும்? பல்லுக்கு உரிய சிகிச்சை உடனே கிடைக்குமானால், உடல் நலமுள்ள பெரியவர்களின் பெரும்பாலான பல்வலிகளுக்கு இம்மாத்திரை வேண்டியதில்லை என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019-இல் அறிவுறுத்திற்று. காய்ச்சலும் பரவும் வீக்கமும் இருந்தால் வைத்தியரே தருவார். மாத்திரையைப் பொடித்து ஈறில் வைக்கும் வழக்கம் ஈறைப் புண்ணாக்குவதன்றி வேறு பயன் தராது.

இனி, 'ரூட் கெனால்' என்று வைத்தியர்கள் சொல்லும் வேர்ச் சிகிச்சைக்கு வருவோம். இதில் மந்திரம் ஒன்றுமில்லை. முதலில் எக்ஸ்ரே எடுத்து வேரின் அமைப்பைப் பார்க்கிறார்கள். ஊசி போட்டு அவ்விடத்தை மரக்கச் செய்கிறார்கள். எச்சில் படாதபடி பல்லைச் சுற்றி மெல்லிய ரப்பர்த் தாள் ஒன்றைப் பொருத்துவது நல்ல முறை. பிறகு பல்லின் மேற்புறத்தில் துளையிட்டு, கெட்ட சதையை நீக்கி, ஊசி போன்ற மெல்லிய அரங்களால் கால்வாயைச் சுத்தம் செய்கிறார்கள். கால்வாயைக் கழுவுவதற்குப் பெரும்பாலும் பயன்படும் திரவம் சோடியம் ஹைப்போகுளோரைட். நூலை வெளுக்க உதவும் அதே சரக்குத்தான், தக்க அளவில் நீர்த்தது. இறுதியில் கால்வாயை 'கட்டாபெர்ச்சா' என்னும் பொருளால் அடைக்கிறார்கள். அது மலேயா நாட்டு மரம் ஒன்றின் பாலிலிருந்து கிடைப்பது. சென்ற நூற்றாண்டுகளில் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாகவும் பயன்பட்டது. ஆக, வெளுப்பாலையும் மரப்பாலும் சேர்ந்தே நம் பல்லைக் காக்கின்றன.

இச்சிகிச்சை உயிரை வாங்கும் வலி தரும் என்னும் அச்சம் நம்மிடையே பரவலாக உண்டு. 1943-இல் ஸ்வீடன் நாட்டில் லிடோகேய்ன் என்னும் மரக்கும் மருந்து உருவாக்கப்பட்ட பின் நிலைமை பெரிதும் மாறிவிட்டது. மிகுந்த அழற்சி உள்ள பல் மரக்கச் சிறிது நேரமாகலாம். மரக்கவில்லையென்றால் கூசாமல் சொல்ல வேண்டும், மேலும் மருந்து தருவார்கள். சிகிச்சைக்குப் பின் சில நாள் கடிக்கும்போது நோவு இருப்பது இயல்பே.

வேர்ச் சிகிச்சை செய்த பல் உடம்பெங்கும் விஷத்தைப் பரப்பும் என்று ஒரு வதந்தியும் உண்டு. இதன் மூலம் பழையது. 1910-இல் வில்லியம் ஹண்டர் என்னும் பிரிட்டிஷ் வைத்தியர் கனடாவில் செய்த ஒரு சொற்பொழிவுக்குப் பின், மேனாடுகளில் மூட்டுவலிக்கும் பிற பிணிகளுக்கும் பற்களே காரணம் என்று கருதி ஏராளமான பற்களைப் பிடுங்கித் தள்ளினார்கள். பற்கள் போயினவே தவிரப் பிணிகள் போகவில்லை. பின்வந்த ஆராய்ச்சிகள் அக்கொள்கையைத் தள்ளிவிட்டன. அங்கே கைவிட்ட தவற்றை இங்கே நாம் கையில் எடுப்பானேன்?

செலவைப் பற்றிப் பேசாமல் நழுவுவது நேர்மையாகாது. பிடுங்குவது ஒரே நாளில், குறைந்த பணத்தில் முடியும். வேர்ச் சிகிச்சைக்கோ சில சமயம் இரண்டு, மூன்று முறை செல்ல நேரும். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போகும். நெசவாளிக்கு இது சிறு கணக்கு அன்று. ஆயினும் கணக்கை முழுதும் போட்டுப் பார்க்க வேண்டும். பிடுங்கிய இடத்தை நோக்கிப் பக்கத்துப் பற்கள் சாயும். எதிர்ப்பல் இறங்கும் அல்லது எழும்பும். மெல்லும் வலிமை குறையும். அவ்விடத்தில் செயற்கைப் பல் கட்டுவதானால் அதற்குத் தனிச் செலவு. பல ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2010-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, வேர்ச் சிகிச்சை பெற்ற பற்களில் 100-க்கு 86 முதல் 93 வரை, 2 முதல் 10 ஆண்டு கழித்தும் வாயில் நிலைத்திருந்தன.

எல்லாப் பல்லையும் காக்க இயலாது. வேர் வரை பிளந்த பல், ஈறுக்குக் கீழே ஆழமாக அரித்துப்போன பல், எலும்பின் பிடிப்பை இழந்து ஆடும் பல் ஆகியவற்றைப் பிடுங்குவதே முறை. ஆனால் அதைத் தீர்மானிக்க வேண்டியவர் எக்ஸ்ரே பார்த்த வைத்தியர். வலி பொறுக்காத நாம் அல்லர். ஊரில் பதிவு பெறாமல் பல் கட்டுபவரும் அல்லர்.

அங்கத்தினர்கள் வைத்தியரிடம் நான்கு கேள்விகள் கேட்க வேண்டுகிறோம். இப்பல்லைக் காக்க முடியுமா? எத்தனை முறை வர வேண்டும்? மேலுறையும் சேர்த்து மொத்தம் எவ்வளவு ஆகும்? பிடுங்கினால் அந்த இடத்துக்கு என்ன செய்வது? நீரிழிவு, இதய நோய், கர்ப்பம், உட்கொள்ளும் மருந்து ஆகியவற்றை நாமே முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். முக்கியமாக, தொடங்கியதைப் பாதியில் விடலாகாது. முதல் நாளிலேயே வலி நின்றுவிடுவதால் மறுமுறை போகாதவர் பலர். தற்காலிக அடைப்பு தேய்ந்ததும் கிருமி மீண்டும் புகும். கடைவாய்ப் பல்லுக்கு மேலுறை போடாமல் விட்டால் அது பிளந்துபோகக்கூடும். பிளந்தால் செய்த செலவு முழுதும் வீண்.

சங்க நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். பண்டிகைக்கு முன்பணம் தர நினைக்கும் சங்கம், பல் சிகிச்சைக்கும் ஒரு சிறு கடன் தர விதி செய்யலாகாதா? ஆண்டுக்கு ஒரு முறை பல் வைத்தியரைச் சங்கக் கட்டடத்துக்கு அழைத்துச் சோதிக்கச் செய்தால், சொத்தை சிறிதாக இருக்கும்போதே பலருடையதை அடைத்துவிடலாம். 1953-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தோன்றிய அரசினர் பல் மருத்துவக் கல்லூரி சென்னையில் இருக்கிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் பல் பிரிவு உண்டு. பல் மருத்துவக் கல்லூரிகளில் ஆசிரியர் மேற்பார்வையில் மாணவர் செய்வதால் நேரம் கூடினாலும் செலவு குறையும். எங்கே எந்த நாளில் செல்லலாம் என்று விசாரித்துச் சங்கப் பலகையில் எழுதி வைப்பதற்குப் பணம் வேண்டியதில்லை. மனம் இருந்தால் போதும்.

நெய்யும்போது ஓர் இழை அறுந்தால் நாம் பாவையே அறுத்தெறிவதில்லை. தறியை நிறுத்தி, அறுந்த முனையைத் தேடிப் பிணைத்து, மீண்டும் நெய்கிறோம். துணிக்குக் காட்டும் அந்தப் பொறுமையில் ஒரு பங்கை நம் பல்லுக்கும் காட்டுவோமாக.