பொய்ச் சாட்சிகளால் கிடைக்கும் முதலிடம்

குருநாகலிலிருந்து தம்புள்ளை ஊடாகத் திருகோணமலை செல்லும் ஏ-6 வீதியில் அமைந்துள்ள கலேவெல, மாத்தளை மாவட்டத்தின் சிறு நகரங்களுள் ஒன்றாகும். சிங்கள, முஸ்லிம், தமிழ் மக்கள் அருகருகே வாழ்ந்து வணிகம் செய்யும் இடம் அது. தம்புள்ளைக் குகை விகாரையும் சீகிரியாவும் அங்கிருந்து அதிக தூரத்தில் இல்லை. இவ்வீதியோரத்தில் நான்கு அறைகள் கொண்ட தங்குமிடமொன்றை நடத்துபவருக்கு உல்லாசப் பயணிகளைக் கொண்டுவந்து சேர்ப்பது இன்று வாசலிலுள்ள பெயர்ப் பலகை மட்டுமன்று. கூகுள் தேடலில் அவரது பெயர் எத்தனையாவது இடத்தில் தோன்றுகின்றது என்பதும் அவரது வருமானத்தைத் தீர்மானிக்கின்றது.

இத்தகையோரை நாடியே ஒரு புதுவகை வியாபாரம் வளர்ந்துள்ளது. ஐம்பது இணையத்தளங்களிலிருந்து உங்கள் தளத்துக்கு இணைப்புத் தருகின்றோம், ஒரு மாதத்தில் முதற்பக்கத்துக்கு வந்துவிடுவீர்கள் என்பதே அதன் வாக்குறுதி. இந்த வாக்குறுதியின் பின்னால் இருப்பது என்ன என்பதை நமது வாசகர்கள் அறிந்துகொள்வது அவசியமாகும்.

1998 ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மாணவர்களான லாரி பேஜும் செர்ஜி பிரினும் கூகுளை உருவாக்கியபோது அவர்கள் கைக்கொண்ட அடிப்படை எளிமையானது. ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள் சுட்டிக்காட்டுகின்றன, சுட்டிக்காட்டும் பக்கங்கள் எவ்வளவு மதிப்புடையவை என்பதைக் கொண்டு அப்பக்கத்தின் தரத்தைக் கணிப்பதே அது. ஆய்வுக் கட்டுரைகள் மேற்கோளாற் பெருமை பெறுவதைப் போன்றதே இதுவும். ஒவ்வோர் இணைப்பும் ஒரு சாட்சியாகக் கொள்ளப்பட்டது.

சாட்சிக்கு மதிப்பு ஏற்பட்ட அன்றே பொய்ச் சாட்சிக்கும் விலை ஏற்பட்டுவிட்டது. ஒருவரே பல பெயர்களில் பத்தோ நூறோ தளங்களைப் பதிவு செய்கின்றார். அவற்றிற் பெயரளவுக்குச் சில கட்டுரைகளை இட்டு, அனைத்திலிருந்தும் ஒரே தளத்தை நோக்கி இணைப்புக் கொடுக்கின்றார். பிரதான தளத்தைச் சுற்றிவருவதால் இவை செய்மதித் தளங்கள் என அழைக்கப்படுகின்றன. வாசகருக்காக எழுதப்பட்டவை அல்ல இவை. இயந்திரத்தை ஏமாற்றுவதற்காக எழுதப்பட்டவை.

ஹதீஸ் கலையை அறிந்தோர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். ஒரு செய்தியைப் பின்னாளில் நூறு பேர் அறிவித்திருப்பினும், அறிவிப்பாளர் வரிசை ஓரிடத்தில் ஒரே ஒருவரிடம் சென்று சேருமாயின், அது அந்த ஒருவரது அறிவிப்பாகவே கணிக்கப்படும். அவர் பொய்யர் எனக் கண்டால் செய்தியே தள்ளப்படும். நமது இணக்க சபைகளிலும் ஒரே வீட்டார் பத்துப் பேர் வந்து ஒரே வாசகத்தை ஒப்புவித்தால் அது பத்துச் சாட்சியாகிவிடாது. எண்ணிக்கை வேறு, நம்பகத்தன்மை வேறு என்ற இப்பழைய உண்மையைத்தான் தேடுபொறி நிறுவனங்கள் காலந்தாழ்த்திக் கற்றுக்கொண்டன.

2006 பெப்ரவரியில் பி.எம்.டபிள்யூ நிறுவனத்தின் ஜேர்மன் தளம், தேடுபொறிக்கு ஒன்றையும் பார்வையாளருக்கு வேறொன்றையும் காட்டியமைக்காகக் கூகுள் பட்டியலிலிருந்து சில நாட்கள் நீக்கப்பட்டது. 2011 பெப்ரவரியில் நியூயோர்க் டைம்ஸ் நாளேடு ஜே.சி. பென்னி என்ற அமெரிக்க வணிக நிறுவனத்தின் கதையை அம்பலப்படுத்தியது. ஆடை முதல் தளபாடம் வரை பல சொற்களுக்கு அந்நிறுவனம் மாதக்கணக்கில் முதலிடத்தில் இருந்தது. தொடர்பே இல்லாத இரண்டாயிரத்துக்கும் அதிகமான பக்கங்களிலிருந்து அதற்கு இணைப்புகள் தரப்பட்டிருந்தன. கூகுள் நடவடிக்கை எடுத்ததும், முதலிடத்தில் நின்ற ஒரு சொல்லுக்கு அந்நிறுவனம் இரண்டே மணித்தியாலங்களில் 71 ஆம் இடத்துக்கு வீழ்ந்தது. தனக்குத் தெரியாமலே இது நடந்தது எனக் கூறிய நிறுவனம், தனது ஆலோசனை நிறுவனத்தை விலக்கிக்கொண்டது.

2012 ஏப்ரலில் 'பெங்குவின்' எனப் பெயரிடப்பட்ட மாற்றத்தைக் கூகுள் கொண்டுவந்தது. 2016 செப்டெம்பர் முதல் அது தேடுபொறியின் நிரந்தர அங்கமாயிற்று. பொய் இணைப்புகள் பல இன்று கணக்கிலேயே எடுக்கப்படாமல் விடப்படுகின்றன. அதாவது, அவற்றை விலைகொடுத்து வாங்கியவரின் பணம் வீணாகின்றது. பென்னி போன்ற பெருநிறுவனம் ஒரு வீழ்ச்சியைத் தாங்கிக்கொள்ளும். கலேவெலவில் நான்கு அறைகளை நம்பி வாழும் குடும்பம் ஒரு சுற்றுலாப் பருவத்தை இழந்தால் தாங்குமா?

இதனிலும் கவலைக்குரிய விடயம் ஒன்றுண்டு. புதிய தளத்தை விடப் பழைய தளத்தின் இணைப்புக்கு மதிப்பு அதிகம் என்பதால், காலாவதியான இணையப் பெயர்களை வாங்குவோர் பெருகியுள்ளனர். பாடசாலையோ பள்ளிவாசலோ கோயிலோ ஆர்வத்துடன் தளமொன்றை ஆரம்பிக்கின்றது. நிர்வாக சபை மாறுகின்றது. ஆண்டுக் கட்டணம் செலுத்தப்படாமல் பெயர் கைநழுவுகின்றது. வேறொருவர் அதனை வாங்கிச் சூதாட்ட விளம்பரம் இடுகின்றார். அந்நிறுவனம் ஆண்டுக்கணக்கில் ஈட்டிய நன்மதிப்பு சூதாட்டக்காரருக்கு முதுசமாகின்றது. இது கற்பனையன்று. 2024 மார்ச்சில் கூகுள் இதனைத் தடைசெய்து விதி வகுத்தபோது, முன்னாள் ஆரம்பப் பாடசாலைத் தளமொன்றில் சூதாட்ட உள்ளடக்கம் இடுவதையே உதாரணங்களுள் ஒன்றாகக் காட்டியது.

தமிழில் இவ்வாபத்து இரு மடங்காகும். ஆங்கிலத்தில் ஒரு பொருள் பற்றி ஆயிரம் நல்ல பக்கங்கள் இருக்குமிடத்தில், தமிழில் பத்தும் இருப்பதில்லை. ஆகவே, சில போலித் தளங்களே முதற்பக்கத்தை நிரப்பப் போதுமானவை. மருந்து, கடன், வெளிநாட்டு வேலை ஆகியவற்றைத் தாய்மொழியில் தேடும் எளிய மக்களே இதற்கு இரையாகக்கூடியவர்கள். மியன்மாரின் இணைய மோசடி முகாம்களில் நமது நாட்டு இளைஞர்கள் சிக்கித் தவித்தமையை 2024 இல் கண்டோம். கணினித் தொழில் என்ற பொய் விளம்பரங்களை நம்பிச் சென்றவர்கள் அவர்களுள் இருந்தனர். இணையத்தில் முதலில் தென்படுவதை நம்புவதன் விலை சில வேளைகளில் பணத்துடன் முடிவதில்லை.

கூகுளே இதற்கு நீதிபதியாக இருக்கட்டும் என்று விட்டுவிடவும் முடியாது. தனது பொருள் ஒப்பீட்டுச் சேவைக்கே தேடலில் முன்னுரிமை அளித்தமைக்காக 2017 இல் ஐரோப்பிய ஆணைக்குழு அந்நிறுவனத்துக்கு 242 கோடி யூரோ அபராதம் விதித்தது. 2024 ஓகஸ்டில் அமெரிக்க நீதிமன்றமொன்று அது தேடற் சந்தையில் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகப் பேணியதாகத் தீர்ப்பளித்தது. நடுவரும் ஆட்டக்காரராக இருக்கும் களம் இது.

எனவே, நமது தரப்பில் செய்யவேண்டியவை சிலவுண்டு. வணிகர்கள் முதலிடத்துக்கு உத்தரவாதம் தருவோரிடம் இணைப்புகள் எங்கிருந்து வரும் என எழுத்தில் கேட்கவேண்டும். அதே பணத்தில் தமது அறைகளையும் கட்டணத்தையும் வழியையும் மும்மொழிகளிலும் தெளிவாக எழுதுவிப்பது நீடித்த பயன் தரும். பாடசாலைகளும் மதத்தலங்களும் தமது இணையப் பெயரைக் காணி உறுதியைப் போலப் பேணி, புதுப்பிக்கும் பொறுப்பைத் தனிநபரிடம் அன்றிப் பதவியிடம் ஒப்படைக்கவேண்டும். வெளிநாடு செல்ல எண்ணுவோர் தேடலில் முதலில் வந்த முகவரை நம்பாது, அனுமதிப்பத்திரம் உண்டா என்பதை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திடமே கேட்டறியவேண்டும். அரச திணைக்களங்கள் தமது தகவல்களைத் தமிழில் முழுமையாக வெளியிட்டாலே போலிகளுக்கான இடம் பெருமளவு குறைந்துவிடும்.

வியாபாரத்தில் வழிதவறச் செய்யும் நடத்தையை 2003 ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் ஏற்கனவே தடுக்கின்றது. கடைத்தெருவில் நிறையைக் குறைப்போரைத் தேடிச் செல்லும் அதிகாரிகளின் பார்வை, இணையத்தில் சாட்சிகளை விற்போர் மீதும் எப்போது திரும்பும் என்பதே நமது கேள்வி.