இரங்கியதே குற்றம்!

அமெரிக்க நாட்டின் தென்பகுதியாகிய அலபாமாவில் பிறந்த ஆர்ப்பர் இலீ என்னும் அம்மையார் எழுதி, 1960-இல் வெளிவந்து, மறு ஆண்டே புலிட்சர் பரிசும் பெற்ற புதினம் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்'. எவ்வுயிர்க்கும் தீங்கு செய்யாது பாடுவதொன்றே தொழிலாகக் கொண்ட பறவையைக் கொல்லுதல் பழி என்பது அப்பெயரின் உட்கிடை. நிறவெறியைக் கடிந்த நூலென அந்நாட்டுப் பள்ளிகள் பலவற்றில் அதனைப் பாடமாக வைத்துள்ளனர். போற்றுவார் பலரும் வாயாரப் புகழ்வது ஆட்டிக்கசு என்னும் வெள்ளை வழக்குரைஞரின் நெஞ்சுரத்தையே. அவர் எவர் பொருட்டு வழக்காடினாரோ அவரின் பெயரை நினைவிற் கொண்டோர் எத்துணையர்?

அவர் பெயர் தாம் இராபின்சன். அகவை இருபத்தைந்து, மனைவியும் மூன்று மக்களும் உடையவர், கருப்பினக் கூலியாளர். இளமையில் பருத்தி அரைக்கும் பொறியில் சிக்கி இடக்கை பயனற்றுப் போனவர். மேயெல்லா என்னும் வெள்ளைப் பெண்ணைக் கெடுத்தார் என்பது அவர் மீது சாற்றப்பெற்ற குற்றம். அடிபட்டதோ அப்பெண்ணின் வலப்பக்க முகம். இடக்கை வலிமையுடையான் ஒருவனே எதிர்நின்று அவ்வாறு அடித்திருத்தல் கூடும். அவள் தந்தை இடக்கைப் பழக்கமுடையவன் என்பது மன்றத்திலேயே வெளிப்படுகின்றது. மெய் பட்டப்பகல்போல் விளங்கிற்று. விளங்கியும் பயன் என்ன?

வழக்கின் முடிவு அச்சான்றுகளில் இல்லை. இரண்டு சொற்களில் உள்ளது.

முதலாவது, ஒரு விளி. மூன்று மக்கட்குத் தந்தையாகிய இராபின்சனை அரசு வழக்குரைஞர் 'பையா' என்னும் பொருள்படவே விளிக்கின்றார். (இதனைத் தமிழிற் பெயர்க்கப் புகுவார் 'அடே' என்று எழுதினாலன்றி அதன் நஞ்சு விளங்காது.) அதே மன்றத்தில், வறுமையில் உழன்ற மேயெல்லாவை ஆட்டிக்கசு மதிப்புச்சொல்லால் விளிக்க, அவள் தன்னை எள்ளுவதாகவே கருதிச் சினக்கின்றாள்! வாழ்நாளில் எவரும் அவளை அவ்வாறு அழைத்ததில்லை. அத்துணைக் கீழ்நிலையில் கிடந்தவளுக்கும் தன்னினும் கீழாக ஒருவர் உளர் என்னும் ஆறுதலை அந்நாட்டு முறை வழங்கியிருந்தது.

இரண்டாவது சொல் இன்னும் கொடிது. கூலி பெறாமல் அவளுக்கு விறகு பிளந்தும் நீர் முகந்தும் கொடுத்தது எதனால் என்று உசாவியபோது, அவள்மீது இரக்கம் கொண்டதனால் என்று இராபின்சன் விடையிறுக்கின்றார். மன்றமே திடுக்கிடுகின்றது. வழக்கு அந்நொடியிலேயே தோற்றது. கருப்பர் இரக்கத்தைப் பெறலாம், பெற்றுக் கைகூப்பலாம். ஆனால் வெள்ளையர் மேல் இரக்கம் கொள்ளுதல், மேலிருந்து நோக்குதலன்றோ? அதனைப் பொறுப்பரோ ஆயத்தார் பன்னிருவர்? பிறர் துயர்கண்டு கசிதலாகிய மாந்தத் தன்மையே அங்குக் குற்றமாயிற்று. நிறவெறியின் அடிவேரை இவ்வளவு சுருக்கமாகக் காட்டிய இடம் அந்நூலில் வேறில்லை.

இது வெறுங் கற்பனையுமன்று. ஆர்ப்பர் இலீ சிறுமியாயிருந்த 1931-இல் அதே அலபாமாவில், இசுகாட்சுபரோ என்னும் ஊரில், கருப்பின இளைஞர் ஒன்பதின்மர் மீது இத்தகைய பழியே சுமத்தப்பட்டது. எண்மருக்குச் சாவொறுப்பு விதித்தனர். பழி சுமத்திய பெண்கள் இருவருள் ஒருத்தி 1933-இல் தன் கூற்றுப் பொய்யென மன்றத்திலேயே மொழிந்தாள். அதன்பின்னும் குற்றவாளி என்றே தீர்ப்பு வந்தது. அவ்வழக்கில் எஞ்சியிருந்த மூவர்க்கு அலபாமா அரசு மன்னிப்பு வழங்கியது 2013-இல். அவர்கள் இறந்து பல்லாண்டு கழித்து! குற்றமே செய்யாதார்க்கு மன்னிப்பு என்பதும் ஒரு வேடிக்கையே.

நூலிலும் குறையுண்டு. இராபின்சனின் உள்ளத்தை நாம் அறிவது மன்றத்தில் அவர் மறுமொழி கூறும் சிறு பொழுதில் மட்டுமே. மற்றவையெல்லாம் வெள்ளைச் சிறுமி ஒருத்தியின் கண்வழியாக வருவன. படிப்பவர் நல்ல வழக்குரைஞரின் பின்னால் நின்று இராபின்சனுக்கு இரங்குகின்றனர். தம் இரக்கத்தைத் தாமே மெச்சிக் கொள்கின்றனர். அவருக்கு மறுக்கப்பட்ட அதே மேலிடத்தில் நின்று இரங்குகின்றோம் என்பதை உணர்ந்தார் சிலரே. 2015-இல் அம்மையாரின் முந்தைய கைப்படி ஒன்று 'கோ செட் எ வாட்ச்மேன்' என நூலாகி வந்தது. அதில் முதுமையெய்திய ஆட்டிக்கசு நிறவெறியர் கூட்டத்தில் அமர்ந்திருக்கின்றார். உலகம் துணுக்குற்றது. துணுக்குறுவானேன்? ஒருவர்க்காக வழக்காடுதல் வேறு. அவரைத் தமக்கு நிகராக ஒப்புதல் வேறு.

சிறைவேலியைத் தாண்ட முயன்ற இராபின்சனைக் காவலர் சுட்டுக் கொல்கின்றனர். உடலில் பதினேழு குண்டுகள். ஊர் இரண்டு நாள் பேசிவிட்டு விட்டுவிடுகின்றது. அவர் மனைவி எலன், பழி சுமத்தியவர்களின் வீட்டு வழியே சென்றால் கல்லெறிவர் என்று அஞ்சி, நாள்தோறும் ஏறத்தாழ ஒரு கல் தொலைவு கூடுதலாகச் சுற்றி நடந்தே வேலைக்குச் செல்கின்றார். வேலை கொடுத்தவர் கண்டறிந்து கேட்கும்வரை அதனை எவரிடமும் சொல்லவில்லை. அந்தச் சுற்றுவழிக்கு அப்பெருநூலில் கிடைத்த இடம் ஒரு பக்க அளவே.