படியளக்கிறவர்கள்

ஒரு குடும்ப அறக்கட்டளைக்குப் பதினோரு வருஷமாகத் தலைவனாக இருந்துகொண்டே கொடையைப் பற்றிக் கசப்பாகப் பேசுவது நன்றிகெட்டதனம் என்கிறார் நண்பர். யாருக்கு நான் நன்றி கெட்டவன்? இந்தச் சொல்லிலிருந்தே ஆரம்பிக்கலாம். வருஷந்தோறும் ஜூன் மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் நாங்கள் விநியோகித்தது நோட்டுப் புத்தகம், வசூலித்தது நன்றி.

சடங்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். குத்துவிளக்கு, பொன்னாடை, முன்வரிசையில் உறவினர்கள். எட்டு மணிக்கே வரவழைக்கப்பட்ட பிள்ளைகள் பதினொன்றரைக்கு வரும் சிறப்பு விருந்தினருக்காகக் காத்திருப்பார்கள். கொடுக்கிற கையும் வாங்குகிற கையும் சேர்ந்து புகைப்படத்தில் விழும்வரை பிள்ளையை விடமாட்டோம்.

மூன்று வருஷத்துக்கு முன், எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியிடம் எங்கள் அலுவலகத்தில் தயாரித்த நன்றிக் கடிதத்தைக் கொடுத்து மைக்கின் முன் நிறுத்தினோம். 'இது நான் எழுதினது இல்லை சார்' என்று சொல்லிவிட்டுக் காகிதத்தை மேஜைமேல் வைத்தாள். மேற்கொண்டு எதுவும் பேசவில்லை. 'திமிர்' என்றான் என் தம்பி. அடுத்த வருஷப் பட்டியலில் அவள் பெயர் இல்லை. மதிப்பெண் போதாது என்று காரணம் எழுதப்பட்டது. கீழே இருந்த கையெழுத்து என்னுடையது.

நாங்கள் கொடுக்கும் பணம் எங்கிருந்து வந்தது? தாத்தாவின் அரிசி ஆலையிலிருந்து. களத்தில் வேகாத வெயிலில் புழுங்கல் நெல்லைக் காலால் தள்ளிக் காயவைத்த பெண்களின் கூலியில் பிடித்த மிச்சமும் அந்த லாபத்தில் சேர்ந்ததுதான். அவர்களுடைய குழந்தைகள் சாக்கு நிழலில் தூங்கின. பள்ளிக்கூடம் போகவில்லை. இன்று அவர்களின் பேரப்பிள்ளைகள் எங்கள் விண்ணப்பத்தில் 'குடும்ப வருமானம்' என்ற கட்டத்தை நிரப்புகிறார்கள். எங்கள் குடும்பத்தின் வருமான மூலத்தைக் கேட்க அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. பாக்கியைத் திருப்பித் தருகிறவன் பொன்னாடை போர்த்திக்கொள்வதற்கு வேறு எந்த வியாபாரத்திலும் இடமில்லை.

பணம் முழுக்க எங்களுடையதும் அல்ல. கட்டளைக்கு 80ஜி சலுகை வாங்கினோம். கொடையில் பாதி, கொடுத்தவரின் வரிவிதிப்புக்கான வருமானத்திலிருந்து கழிந்தது. அதாவது அரசு வசூலிக்காமல் விட்ட பொதுப்பணமும் எங்கள் செக்கில் இருந்தது. சோப்புக்கும் செருப்புக்கும் வரி கட்டும் அந்தப் பெண்ணின் தாய்க்கும் அதில் பங்குண்டு. அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

வள்ளல்கள் இல்லாவிட்டால் பள்ளி ஏது என்று பச்சையப்பரைக் காட்டுவார்கள். அவர் 1794-ல் இறந்தார். அவர் விட்டுச்சென்ற சொத்து கோயில் தர்மங்களுக்காக. அது வழக்கில் பல வருஷங்கள் கிடந்தது. நீதிமன்றம் தலையிட்டுக் கணக்கு ஒழுங்குபட்ட பிறகே, மிஞ்சிய பணத்தில் 1842-ல் பள்ளி தொடங்கியது. வள்ளலின் மனம் மட்டும் போதவில்லை. கணக்குக் கேட்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. எங்களிடம் கணக்குக் கேட்பவர் யார்? ஆடிட்டர். அவருக்குச் சம்பளம் தருவது நாங்கள்.

2009-ம் வருஷத்துச் சட்டம் 6 முதல் 14 வயது வரை இலவசக் கல்வியை உரிமை என்றது. 1956-ல் காமராஜர் மதிய உணவைப் பரவலாக்கியபோதும், 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தபோதும், 2022-ல் காலை உணவு வந்தபோதும், தட்டு ஏந்திய குழந்தை மேடையேறி ஏற்புரை நிகழ்த்த வேண்டியிருக்கவில்லை. அரசியல்வாதிகள் தங்கள் முகத்தைப் புத்தகப் பைகளில் அச்சடித்துக்கொண்டது வாஸ்தவம். அந்த ஆபாசத்தைப் பார்த்துச் சிரித்த நாங்கள், எங்கள் தாத்தாவின் முகத்தை நோட்டு அட்டையில் அச்சடித்தோம்.

'அப்படியானால் கட்டளையை மூடிவிடு' என்பது சோம்பேறி வாதம். கட்டணத்துக்குக் கெடு ஜூன் மாதம். சமூகம் திருந்தும்வரை அது காத்திராது. பணத்தைக் கொடுக்கத்தான் வேண்டும். படியளக்கிற மனோபாவத்தோடு கொடுக்கக் கூடாது, அவ்வளவே.

அடுத்த மாதக் கூட்டத்தில் நான் வைக்கப்போகிறவை இவை. விழாவும் புகைப்படமும் நிற்க வேண்டும். மதிப்பெண் வரம்பு போக வேண்டும். தொண்ணூறு வாங்குகிற ஏழையை மட்டும் தேடுவது பந்தயக் குதிரை வாங்குகிற புத்தி. வரவு செலவு, பிள்ளைகள் படிக்கும் பள்ளிச் சுவரில் தமிழில் ஒட்டப்பட வேண்டும். எங்களிடம் உதவி பெற்றுப் படித்த இருவர், ஓட்டுரிமையோடு நிர்வாகக் குழுவில் உட்கார வேண்டும்.

அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். அவள் அரசுப் பள்ளியில், எங்கள் தயவில்லாமல், பதினொன்றாவது படிக்கிறாள். மன்னிப்புக் கேட்டேன். 'அந்த லெட்டரை யார் சார் எழுதினது?' என்று மட்டும் கேட்டாள். எழுதியது மானேஜர், திருத்தியது நான் என்றேன். தலையாட்டினாள். மீண்டும் பட்டியலில் சேர்க்கிறேன் என்றதற்குப் பதில் சொல்லவில்லை.

குழுவில் ஐந்து ஓட்டு. எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒன்று. கூட்டத்துக்கு முன்பே இதைப் பிரசுரத்துக்குக் கொடுக்கிறேன். காரணம், தம்பியின் வீட்டுக் காப்பியைக் குடித்துவிட்டு என் தீர்மானங்களை நானே திரும்பப் பெற்றுக்கொள்ளக்கூடியவன் என்பது எனக்குத் தெரியும்.