கப்பலை மாற்றும் வயது

 

பிள்ளைகளைக் கரை சேர்த்து, கடமைகளை ஓரளவு முடித்து, ஓய்வு பெற்ற பின் நான்கு ஊர்களைப் பார்த்து வர வேண்டும் என்று ஆசைப்படும் பெரியவர்கள் நம் குடும்பங்களிலும் பெருகி வருகின்றனர். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் குடியேறிவிட்ட நம்மவர்களில் பலர் இதற்கு உல்லாசக் கப்பலைத் தேர்ந்தெடுக்கின்றனர். காரணம் எளியது. பெட்டியை ஒருமுறை பிரித்து அடுக்கினால் போதும். இரவில் உறங்கி எழுந்தால் விடியலில் வேறொரு துறைமுகம் நிற்கும். முழங்கால் வலியும் மூச்சிரைப்பும் உள்ளவர்களுக்கு இது பெரிய வசதியல்லவா?

ஆயினும், அறுபது வயதில் இன்பம் தந்த அதே கப்பல் எழுபத்தைந்து வயதிலும் அவ்வாறே இருக்கும் என்று எண்ணிவிடலாகாது. பழகிய கம்பெனியை விட்டு, முதியோருக்கு ஏற்ற வேறொரு கம்பெனிக்கு மாற வேண்டிய காலம் ஒன்று வருகிறது. அதனை எவ்வாறு அறிவது, மாறும்போது எவற்றைக் கவனிப்பது என்பதை இம்மாதம் காண்போம்.

இலண்டனில் வாழும் என் உறவினர் ஒருவரின் அனுபவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அவருக்கு வயது 76, துணைவியாருக்கு 72. பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரே கம்பெனியின் கப்பல்களிலேயே சென்று வந்தார்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் புள்ளிகள் சேர்ந்து, உயர்தர உறுப்பினர் என்னும் அட்டையும் அவருக்குக் கிடைத்துவிட்டது. தனி வரிசையில் ஏறலாம். கட்டணத்தில் சிறிது தள்ளுபடியும் உண்டு. அந்த அட்டையை அவர் பணப்பையிலிருந்து எடுத்துக் காட்டும்போது முகத்தில் ஒரு பெருமிதம் தோன்றும்.

கடைசியாகச் சென்ற பயணம் பத்து நாட்கள், ஐந்து துறைமுகங்கள். திரும்பி வந்ததும் மகள், "உம்மா, எந்த ஊர் உங்களுக்குப் பிடித்தது?" என்று கேட்டிருக்கிறாள். அந்த அம்மையார் தயங்கி, "எல்லா ஊரையும் அறையின் மாடத்திலிருந்து பார்த்தேன், மகளே. இறங்கவில்லை" என்றாராம். ஒவ்வொரு துறைமுகத்திலும், "நீங்கள் போய் வாருங்கள், நான் இங்கேயே கடலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன்" என்று கணவரை அனுப்பிவிட்டிருக்கிறார். அவருக்குக் கடலைப் பார்ப்பதில் அத்தனை விருப்பம் என்றே கணவர் நம்பியிருந்தார். உண்மையில், அறையிலிருந்து மின்தூக்கி வரை நடப்பதற்குள்ளேயே முழங்கால் ஓய்ந்துவிடுகிறது என்பதை அவர் சொல்லவேயில்லை. அடுத்த ஆண்டும் அதே கப்பலுக்கு முன்பணம் கட்ட உறவினர் முனைந்தபோதுதான், "அட்டை உங்களுக்கு, கால் எனக்கு" என்று ஒரு சொல் சொன்னாராம். அதன் பிறகு அவர் முன்பணம் கட்டவில்லை.

வாசகர்களே! நம் வீட்டுப் பெண்களில் பலர் தம் வலியைச் சொல்வதில்லை. கணவரின் மகிழ்ச்சி கெடக்கூடாது என்று அடக்கிக்கொள்வார்கள். எனவே கப்பலை மாற்றும் காலம் வந்துவிட்டதா என்பதை அறிய, இருவரில் குறைவாக நடக்கக் கூடியவர் சென்ற பயணத்தில் எத்தனை ஊர்களில் இறங்கினார் என்று எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கையே விடை சொல்லிவிடும்.

பெரிய கப்பல் ஏன் முதியோருக்குச் சிரமமாகிறது என்பதைப் பார்ப்போம். 2024 ஜனவரியில் பயணம் தொடங்கிய ராயல் கரீபியன் நிறுவனத்தின் 'ஐகான் ஆஃப் தி சீஸ்' கப்பல் ஏறத்தாழ 365 மீட்டர் நீளமும் 20 தளங்களும் கொண்டது. முழுமையாக நிரம்பினால் 7,600 பிரயாணிகள் வரை ஏற்றிச் செல்லக்கூடியது. நீர்ச்சறுக்கும் விளையாட்டரங்கும் பேரக்குழந்தைகளுக்குப் பெருவிருந்து. ஆனால் உங்கள் அறை ஒரு முனையிலும் உணவுக்கூடம் மறு முனையிலும் அமைந்துவிட்டால், மூன்று வேளை உணவுக்குச் சென்று வருவதே ஒரு நடைப்பயிற்சியாகிவிடும். துறைமுகத்தில் இறங்கவும் ஏறவும் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் திரளுகின்றனர். நிற்க இயலாதவர் என்ன செய்வார்?

முதியோருக்கென்றே கப்பல் நடத்துவோரும் உண்டு. அவர்களில் பலரறிந்த பெயர் பிரிட்டனின் 'சாகா'. 1951-இல் சிட்னி டி ஹான் என்பவர் ஃபோக்ஸ்டன் என்னும் கடற்கரை ஊரில் சிறிய விடுதி ஒன்றை நடத்தி வந்தார். கோடை முடிந்ததும் விடுதி காலியாகிவிடும். ஓய்வு பெற்றவர்களுக்குப் பள்ளி விடுமுறை பற்றிய கவலையில்லை என்பதை உணர்ந்த அவர், அவர்களைக் குறைந்த கட்டணத்தில் அழைத்து வரலானார். அங்கே வேர்விட்ட நிறுவனம் 1997-இல் 'சாகா ரோஸ்' என்னும் தன் முதல் கப்பலை ஓட்டியது. பின்னர் புதிதாகக் கட்டிய 'ஸ்பிரிட் ஆஃப் டிஸ்கவரி' 2019-இலும், 'ஸ்பிரிட் ஆஃப் அட்வென்சர்' 2021-இலும் வந்தன. ஒவ்வொன்றிலும் 999 பிரயாணிகள் மட்டுமே. 50 வயது நிரம்பியவர்களுக்கே இடம். உடன் வருபவர் 40 வயதைக் கடந்திருக்க வேண்டும். பயணக் காப்புறுதியையும், வீட்டிலிருந்து துறைமுகத்துக்குக் கார் வசதியையும் கட்டணத்துக்குள்ளேயே சேர்த்துக் கொடுத்ததால் முதியோரிடையே அது நற்பெயர் பெற்றது.

1997-இல் டார்ஸ்டைன் ஹாகன் தொடங்கிய 'வைக்கிங்' நிறுவனம் முதலில் நதிகளில் படகு விட்டது. 2015-இல் 'வைக்கிங் ஸ்டார்' மூலம் கடலுக்கு வந்தது. அக்கப்பலில் 930 பேர் பயணம் செய்யலாம். 18 வயதுக்குக் குறைந்தவருக்கு அனுமதியில்லை. சூதாட்டக் கூடமும் இல்லை. 'பி அண்டு ஓ' நிறுவனமும் தன் கப்பல்களில் 'ஆர்கேடியா', 'அரோரா' ஆகிய இரண்டைப் பெரியவர்களுக்கு மட்டும் என ஒதுக்கியிருந்தது.

நம் குடும்பத்தினர் கூடுதலாகக் கவனிக்க வேண்டியவையும் சில உள்ளன. கப்பல் குளியலறைகள் பலவற்றில் வாசற்படி சற்று உயர்ந்திருக்கும். மற்றவர் அதனை நாளுக்குச் சில முறை தாண்டினால், ஐவேளை ஒளுச் செய்யும் நம் பெரியவர்கள் அதைவிடப் பலமுறை தாண்ட வேண்டும். அதுவும் ஈரக் காலுடன். எனவே படியில்லாத குளியலறை, கைப்பிடி, அமர்ந்து குளிக்கும் இருக்கை ஆகியவை கொண்ட அறையைக் கேளுங்கள். இத்தகைய அறைகள் ஒவ்வொரு கப்பலிலும் சிலவே இருப்பதால், மாதங்களுக்கு முன்பே பதிவு செய்துவிட வேண்டும். கப்பல் ஆடும்போது விழுந்துவிடுவோம் என்று அஞ்சுபவர் அமர்ந்து தொழலாம் என்பதையும் பெரியவர்களுக்கு நினைவூட்டுங்கள். வைராக்கியமாக நின்று விழுந்து எலும்பை முறித்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஹலால் உணவு வேண்டும் என்பதைப் பதிவு செய்யும்போதே எழுத்து மூலம் தெரிவித்து, பதிலையும் எழுத்து மூலம் பெறுங்கள். ஏறிய பிறகு கேட்டால் மீனும் காய்கறியுமே மிஞ்சும். 2024 டிசம்பரில் ஜித்தாவிலிருந்து பயணம் தொடங்கிய சவூதியின் 'அரோயா' கப்பலில் மதுவும் சூதாட்டமும் இல்லை, தொழுமிடம் உண்டு. ஆனால் அது மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் செல்லக்கூடிய, குழந்தைகள் நிறைந்த குடும்பக் கப்பல். சிறிய கப்பலான வைக்கிங்கிலோ உணவு மேசையில் பிறருக்கு மது பரிமாறப்படும். ஆக, எல்லாம் ஒருங்கே பொருந்திய கப்பல் கிடைப்பது அரிது. எது இன்றியமையாதது, எதனைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதைக் கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும்.

அடுத்து, துறைமுகங்களின் பட்டியலைப் பாருங்கள். சில ஊர்களில் கப்பல் கரையணைவதில்லை. நடுக்கடலில் நங்கூரமிட்டு, சிறு படகுகளில் ஆட்களை இறக்குவார்கள். அலை மிகுந்தால் சக்கர நாற்காலியுடன் படகில் ஏற அனுமதிப்பதில்லை. கிரேக்கத்தின் சாந்தோரினித் தீவில் படகிலிருந்து இறங்கிய பின்னும் செங்குத்தான குன்றின்மேல் ஏற வேண்டும். ஏறத்தாழ 600 படிகள். இல்லையேல் கம்பிவட ஊர்திக்கு நீண்ட வரிசை. படத்தில் அழகாகத் தோன்றும் ஊரெல்லாம் முழங்காலுக்கு அழகாகிவிடாது. கப்பல் நேரே கரையணையும் ஊர்கள் மிகுந்த பயணமே முதியோருக்கு உகந்தது. அறையையும் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில், மின்தூக்கிக்கு அருகில் கேட்டுப் பெறுங்கள். ஆட்டமும் குறையும், நடையும் குறையும்.

மருத்துவச் செலவு பற்றி ஒரு வார்த்தை. கப்பலில் மருத்துவர் இருப்பார். ஆனால் கட்டணம் கடுமையானது. பிரிட்டனில் வாழ்வோரின் வெளிநாட்டுச் சுகாதார அட்டை கப்பலில் பெறும் சிகிச்சைக்கு உதவாது. அமெரிக்க முதியோரின் 'மெடிகேர்' திட்டமும், கப்பல் அந்நாட்டுத் துறைமுகத்திலோ அதிலிருந்து ஆறு மணி நேரத் தொலைவுக்குள்ளோ இருந்தாலன்றிப் பணம் தராது. ஆகவே சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, இதய நோய் அனைத்தையும் மறைக்காமல் சொல்லிக் காப்புறுதி எடுப்பதே அறிவுடைமை. மறைத்து எடுத்த காப்புறுதி, தேவைப்படும் நாளில் கைவிட்டுவிடும்.

பழைய கம்பெனியில் சேர்ந்த புள்ளிகளின் கதி என்ன? பெரும்பாலும் புதிய இடத்தில் அவை செல்லா. எனினும் ஒரே குழுமத்துக்குள் மாறினால் சில வேளை மதிப்பு உண்டு. ராயல் கரீபியன் குழுமம் 2024-இல் தன் மூன்று கம்பெனிகளுக்கிடையே உறுப்பினர் தரத்தை ஒப்புக்கொள்ளத் தொடங்கியது. கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை. துணையை இழந்து தனியே செல்வோர், ஓர் அறைக்கு இருவர் கட்டணம் கேட்கிறார்களா, ஒருவருக்கான அறை உண்டா என்றும் விசாரியுங்கள்.

முன்பணத்தையும் ஒரேயடியாகக் கொட்டிவிடாதீர்கள். 2022-இல் கெந்திங் ஹாங்காங் நிறுவனம் நொடித்து, அதன் 'ட்ரீம் குரூஸஸ்' கப்பல்கள் நின்றுபோயின. அவற்றுள் ஒன்றுதான் பின்னர் 'அரோயா'வாக மாறியது. பெரிய பெயரும் ஒருநாள் மறையலாம் என்பதற்கு இது சான்று.

சிறிய கப்பல், முதியோர் கப்பல் என்பதால் கடல் இரக்கம் காட்டும் என்றும் எண்ண வேண்டாம். 2023 நவம்பரில் 'ஸ்பிரிட் ஆஃப் டிஸ்கவரி' பிஸ்கே விரிகுடாவில் புயலில் சிக்கியபோது ஏறத்தாழ நூறு பிரயாணிகள் காயமுற்றனர். வட அட்லாண்டிக் கடல் சீறும் குளிர்காலத்தைத் தவிர்த்து, வசந்தத்திலும் கோடையிலும் செல்வது நலம். கப்பலில் நடக்கும்போது ஒரு கை எப்போதும் கைப்பிடியில் இருக்கட்டும்.

என் உறவினர் இறுதியில் ஆயிரம் பேருக்கும் குறைந்த ஒரு கப்பலுக்கு மாறினார். இழப்பு இல்லாமலில்லை. தனி வரிசை போயிற்று. பெயர் சொல்லி அழைத்த பழைய பணியாளர்கள் இல்லை. கட்டணமும் சற்றுக் கூடுதல். பேரப்பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்ல வழியில்லை என்பதுதான் அவருக்கு இன்னும் குறை. "குழந்தைகள் சத்தமில்லாத கப்பல் பள்ளிவாசல் போல அமைதியாக இருக்கிறது, இரவு ஒன்பது மணிக்கெல்லாம் எல்லாரும் உறங்கிவிடுகிறார்கள்" என்று சிரித்துக்கொண்டே சலித்துக்கொண்டார்.

துணைவியாரிடமும் கேட்டேன். ஏழு துறைமுகங்களில் நான்கில் இறங்கினாராம். லிஸ்பன் நகரில் ஒரு கடையில் பேரப்பிள்ளைகளுக்குத் துணி வாங்கியதையும், அங்கே ஒரு மர நிழலில் கணவரோடு உட்கார்ந்து தேநீர் அருந்தியதையும் நெடுநேரம் சொல்லிக்கொண்டிருந்தார். அட்டையைப் பற்றி இருவரும் பேசவில்லை.

பெற்றோரைப் பிரயாணம் அனுப்ப விரும்பும் மக்களே! சீட்டை வாங்கிக் கையில் கொடுத்து வியப்பில் ஆழ்த்துவதற்கு முன், உம்மாவை அருகில் அமர்த்தி, "எவ்வளவு தூரம் நடக்க முடியும்?" என்று கேளுங்கள். வாப்பா எதிரில் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேளுங்கள். உண்மையான பதில் அப்போதுதான் வரும்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம். வஸ்ஸலாம்.