காட்டுல தீ பிடிச்சா மொதல்ல ஓடறவன் யாரு?

"உங்க ஊருக்காரங்க மறுபடியும் காட்டைக் கொளுத்திட்டாங்க போல மாமா."

ஓசூர்ல நாலாவது மாடியில குடியிருக்கிற எங்க அக்கா மகன் போன மாசியில அனுப்பின மெசேஜ் இது. ராத்திரி பால்கனியில நின்னு, சானமாவுக் காட்டுப் பக்கம் தெரிஞ்ச சிவப்புக் கோட்டைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தான். நான் அதைப் பார்த்தது மறுநாள் விடிஞ்ச பிறகுதான். ராத்திரி பூரா எங்க ஊர் ஆளுங்க ஒன்பது பேரோட அந்தச் சிவப்புக் கோட்டுப் பக்கத்துலதான் நின்னேன், கையில புங்கங்கிளையோட.

பையன் மேல கோபம் இல்லை. நகரத்துல இருக்கிற நிறைய பேர் அப்படித்தான் நினைக்கிறீங்க. அதுல பாதி நிஜம், மறைக்க மாட்டேன். மழை வந்தா புதுப்புல் நல்லா முளைக்கும்னு காய்ஞ்ச புல்லைக் கொளுத்தறவங்க உண்டு. தேனடைக்குப் புகை போட்டுட்டு பந்தத்தை அணைக்காம வீசிட்டு வர்றவங்க உண்டு. ஏன், நானே ஆறேழு வருஷம் முன்னாடி ராகி அறுத்த நிலத்துல வரப்புப் புல்லுக்கு நெருப்பு வச்சேன், பகல் பதினோரு மணிக்கு. சாயங்காலம் காத்து அடங்கின பிறகுதான் வைக்கணும்னு எங்கப்பா எத்தனையோ தடவை சொல்லியிருக்காரு. ஒரு சுழல்காத்து வந்துச்சு. பக்கத்து நிலத்துல இருந்த ராகித்தாள் போரு முழுசா போச்சு. அவரோட மாடுகளுக்கு அதுதான் வருஷத் தீவனம். காசு கொடுத்தேன், வாங்கிக்கிட்டாரு. ஆனா அந்த அண்ணன் இன்னைக்கு வரைக்கும் என்கூடச் சரியாப் பேசறதில்லை. அதனால யோக்கியன் மாதிரி பேச நான் வரலை.

பைக்ல வந்து காட்டோரம் உட்கார்ந்து சிகரெட்டை வீசிட்டுப் போறவங்க எந்த ஊருன்னு கேக்கறதுக்கும் நான் வரலை. வச்சவன் யாரா வேணா இருக்கட்டும். அணைக்கிறவன் யாரு?

தீயணைப்பு வண்டி ராயக்கோட்டை ரோடு வரைக்கும் வரும். பாறையும் முள்ளும் தாண்டி உள்ளே ஏறாது. வனக்காவலருக்கு அவர் ஒரு ஆளா பார்க்கிற காடே பெருசு, அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் வந்து சேர்றதுக்கு முன்னாடியும், வந்த பிறகும், பச்சைக்கொம்பால அடிச்சு நெருப்பை அமுக்கறது போடூர், ஆழியாளம், பீர்ஜேப்பள்ளி, தொரப்பள்ளி ஆளுங்கதான். செருப்போட ரப்பர் இளகும். புகையில கண்ணு திறக்க முடியாது. ராகிக்கு வர்ற யானைக் கூட்டம் சில வருஷம் மாசி வரைக்கும் இந்தக் காட்டுலயே நிக்கும். முன்னால நெருப்பு, பின்னால இருட்டுல யானை. யானை வந்தா எங்களுக்கு எச்சரிக்கை சொல்றாங்க, விரட்ட ஆளு வர்றாங்க. நல்ல ஏற்பாடு. தீக்கு எங்க ஊர்ல அந்த மாதிரி ஒண்ணும் இல்லை.

டேராடூன்ல இருக்கிற இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் பார்த்து தீ எச்சரிக்கை அனுப்புது. பதிவு பண்ணிக்கிட்டா நம்ம போனுக்கே வரும். அதையும் வேண்டாம்னு சொல்லலை. ஆனா செயற்கைக்கோள் நம்ம தலைக்கு மேல வர்ற நேரத்துலதான் அதுக்குத் தெரியும். மாடு மேய்க்கிறவன் மூக்குக்கு அதுக்கு முன்னாடியே புகை வந்துடும்.

சட்டம் எங்களை எப்படிப் பார்க்குதுன்னு கேளுங்க. தமிழ்நாட்டுக்கு 1882ஆம் வருஷத்து வனச் சட்டம். காப்புக்காட்டுல தீ வச்சா குற்றம், சரிதான். நாட்டுல பல மாநிலத்துல நடப்புல இருக்கிற 1927ஆம் வருஷத்து இந்திய வனச் சட்டத்துல 79ஆவது பிரிவு இருக்கு. காட்டுல மேய்ச்சல், விறகுன்னு உரிமை அனுபவிக்கிறவன் தீயை அணைக்க உதவி செஞ்சே ஆகணும், செய்யலைன்னா ஒரு மாசம் வரைக்கும் ஜெயில் இல்லேன்னா இருநூறு ரூபாய் வரைக்கும் அபராதம், ரெண்டும் சேர்த்தும் போடலாம். வெள்ளைக்காரன் எழுதினது. வரலைன்னா தண்டனைன்னு எழுதத் தெரிஞ்சவனுக்கு, வந்தவனுக்குக் கையுறை கொடுக்கணும்னு எழுதத் தோணலை.

இன்னொண்ணு, எரியறதுக்குக் காட்டுல சரக்கு கூடிக்கிட்டே போகுது. உண்ணிச்செடி ஆள் உயரத்துக்கு மேல மண்டிக் கிடக்கு, அதையும் வெள்ளைக்காரன்தான் அழகுக்குன்னு கொண்டாந்தான். காஞ்சா பெட்ரோல் மாதிரி பிடிக்கும். 2022 மார்ச்ல சென்னை உயர் நீதிமன்றம் காட்டுல மாடு மேய்க்கத் தடை போட்டு, அப்புறம் அதைச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகத்துக்கு மட்டும்னு சுருக்கிச்சு. 2014லயே காவிரி வடக்கு சரணாலயம் ஆன தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் அது பொருந்தும். காட்டு விலங்குக்குப் புல் வேணும்கறது நியாயம். ஆனா மாடு தின்னாத புல் பங்குனியில என்ன ஆகும்னு யாராவது யோசிச்சாங்களா? கர்நாடகாவுல பிலிகிரிரங்கன் மலையில சோலிகர்கள் சருகைச் சின்னதா முன்கூட்டியே எரிப்பாங்க. தரகு பெங்கின்னு பேரு, கன்னடத்துல பெங்கின்னா நெருப்பு. அதைத் தடுத்த பிறகுதான் உண்ணி மண்டிச்சுன்னு அவங்க சொல்றாங்க. அவங்களைக் கேட்டு முடிவு பண்ணியிருக்கலாம்.

குரங்கணியை மறந்திருக்க மாட்டீங்க. 2018 மார்ச் 11, மலையேறப் போன உங்க பிள்ளைகள் தீயில மாட்டி 23 பேர் செத்தாங்க. ஹெலிகாப்டர் வந்துச்சு, கமாண்டோ வந்தாங்க. அதுக்கு முன்னாடி மேல ஏறி, போர்வையில கம்பு கட்டித் தூக்கிட்டு வந்தது பக்கத்து ஊர் ஜனங்க. அப்புறம் மலையேற்றத்துக்கு விதி வந்துச்சு. 2024ல அரசாங்கமே மலையேற்றத் திட்டம் ஆரம்பிச்சு, உள்ளூர்ப் பசங்களுக்கு வழிகாட்டிப் பயிற்சி கொடுத்துச்சு. சந்தோஷம். சுற்றுலாவுக்கு உள்ளூர்ப் பையனை நம்பிப் பயிற்சி கொடுக்கலாம்னா, தீக்கு ஏன் கொடுக்கக்கூடாது?

நாங்க கேக்கறது பெருசில்லை. தையில இருந்து வைகாசி வரைக்கும் காட்டோர ஊர் ஒவ்வொண்ணுலயும் பத்துப் பேருக்கு தீக்காவல் கூலி. நல்ல ஷூ, கையுறை, டார்ச், முதுகுல மாட்டற தண்ணி டேங்க். எங்க எதிர்த்தீ வைக்கலாம், எங்க வைக்கக்கூடாதுன்னு பயிற்சி. அடிபட்டா ஆஸ்பத்திரிச் செலவுக்குக் காப்பீடு. தீத்தடுப்புக் கோடு போடறதுக்கு முன்னாடி, காத்து எந்தப் பக்கம் திரும்பும்னு எங்ககிட்ட ஒரு வார்த்தை.

வெளிநாட்டு உதாரணம் சொன்னாத்தான் நம்புவீங்கன்னா சொல்றேன். ஆஸ்திரேலியாவுல விக்டோரியா மாநிலம் 1939லயும் 1944லயும் எரிஞ்ச பிறகு, 1945ல கிராமத்துக்குன்னே தனித் தீயணைப்பு அமைப்பு வச்சாங்க. அதுல பெரும்பாலும் ஊர்த் தன்னார்வலர்கள்தான். ஆனா வண்டி, உடுப்பு, பயிற்சி எல்லாம் கொடுத்துத்தான் அனுப்பறாங்க. இங்க புங்கங்கிளை.

போன வாரம் ஊர்ல பேசி முடிச்சுட்டோம். தை பொறந்ததும் எங்க பட்டா நிலத்தோரமா பத்தடி அகலத்துக்குப் புல்லைச் செதுக்கப் போறோம். காப்புக்காட்டுக்குள்ள மண்வெட்டி போட்டா வழக்கு, அதனால எங்க பக்கம் மட்டும். போரு போன அந்த அண்ணன் நிலத்தையும் சேர்த்துத்தான். மருந்தடிக்கிற டேங்க் மூணு இருக்கு, நல்லாக் கழுவி வச்சாச்சு. அக்கா மகனையும் ஞாயித்துக்கிழமை வரச் சொல்லியிருக்கேன், வரும்போது பழைய தோல் ஷூ இருந்தா எடுத்துட்டு வாடான்னு.