வெள்ளம் வடிந்த பிறகு வரும் தர்மம்

2021 நவம்பர் மாதத்தை வேலூர் மாவட்டத்து மக்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். விடாமல் பெய்த அடைமழையில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியது. மோர்தானா அணை நிரம்பி வழிந்து, குடியாத்தம் நகரின் நடுவே ஓடும் கவுண்டன்யா ஆற்றில் வெள்ளம் பெருக்கெடுத்தது. அந்த மாதம் 19ஆம் தேதி பேரணாம்பட்டில் மழையில் ஊறிய வீட்டுச் சுவர் இடிந்து விழுந்து 9 பேர் இறந்தார்கள். அவர்களில் 4 பேர் குழந்தைகள்.

செய்தி பரவியதும் உதவியும் வந்தது. முதலமைச்சர் இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவித்தார். அரிசி, போர்வை, பாய், பால் பவுடர், சாப்பாட்டுப் பொட்டலம் என்று ஊர் மக்கள் தம்மால் முடிந்ததைக் கொடுத்தார்கள். இதெல்லாம் நல்ல காரியம்தான், குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு கேள்வி மட்டும் மிச்சம் இருக்கிறது. அந்தச் சுவர் விழுவதற்கு ஒரு மாதம் முன்பு, அதைப் பார்த்துவிட்டு வர ஒரு கொத்தனாருக்கு அரை நாள் கூலி கொடுத்திருந்தால், அது தர்மம் ஆகியிருக்காதா?

ஆகியிருக்கும். சொல்லப்போனால் அதுதான் பெரிய தர்மமாக இருந்திருக்கும். குடியாத்தம் பகுதியில் கொடுக்கிற மனத்துக்குப் பஞ்சம் இல்லை. கொடுக்கிற நேரம்தான் தவறிப் போகிறது.

கொடுக்கத் தெரிந்த ஊர்கள்

இந்தப் பகுதியின் வரலாற்றைப் பார்த்தாலே இது புரியும். வாணியம்பாடியில் 1919ஆம் ஆண்டு தொடங்கிய இஸ்லாமியா கல்லூரி, அந்த ஊர்ப் பெரியவர்களும் தோல் வணிகர்களும் கல்விக்குக் கொடுத்த கொடையின் அடையாளம். குடியாத்தத்தில் 1964இல் தொடங்கிய அரசுக் கல்லூரி இன்றும் திருமகள் மில்ஸ் கல்லூரி என்று ஒரு மில்லின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. பக்கத்தில் கே.வி.குப்பத்தில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை 1977 முதல் ருஷா என்ற கிராமப்புற சுகாதார மையத்தை நடத்தி வருகிறது. கல்லூரியோ சுகாதார மையமோ, எதுவுமே ஆபத்து வந்த பிறகு அவசரத்தில் கொடுத்தது அல்ல. நாளைக்கு வேண்டும் என்று இன்றைக்கே கொடுத்தது.

தண்ணீர்ப் பந்தலையும் யோசித்துப் பாருங்கள். வெயிலில் யாராவது மயங்கி விழட்டும், பிறகு பந்தல் போடலாம் என்று எவரும் காத்திருப்பதில்லை. சித்திரை வெயில் வரும் என்று தெரியும், அதனால் பங்குனியிலேயே பந்தல் போடுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை வரும் என்பதும் அதே அளவுக்குத் தெரிந்த விஷயம்தான். அப்படியிருக்க, மழைக்கு மட்டும் ஏன் ஒரு "பந்தல்" இல்லை?

இந்தப் பகுதிக்கு வரும் ஆபத்துகள்

வெள்ளம் இங்கே புதிதல்ல. 1903 நவம்பர் 12ஆம் தேதி பாலாற்றில் வந்த வெள்ளத்தில் வாணியம்பாடியில் சுமார் 200 பேர் இறந்தார்கள். அன்றைய மைசூர் சமஸ்தானத்தில் ஏரிகள் உடைந்ததால் வந்த வெள்ளம் அது. அந்த ஊரில் இதற்காக ஒரு நினைவுத் தூணே இருக்கிறது. இதில் கவனிக்க வேண்டியது, மழை பெய்தது ஓர் அரசின் நிலத்தில், மக்கள் இறந்தது இன்னோர் அரசின் நிலத்தில்.

இன்றைக்கும் நிலைமை அதேதான். கவுண்டன்யா ஆறு ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்து மலைகளில் பிறந்து, மோர்தானா வழியாகக் குடியாத்தம் வந்து பாலாற்றில் சேர்கிறது. மேலே எவ்வளவு மழை பெய்தது என்பது கீழே இருப்பவருக்கு முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும். அதிகாரிகளிடமிருந்து அதிகாரிகளுக்குச் செய்தி போய்க்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் அது ஆற்றங்கரைத் தெருவில் குடியிருக்கும் பீடி சுற்றும் அம்மாவின் காதுக்கு எப்போது வந்து சேர்கிறது என்பதுதான் கேள்வி.

வெள்ளத்தோடு முடிந்துவிடவில்லை. 2021இல் அந்தச் சுவர் இடிந்த பத்தாவது நாள், நவம்பர் 29ஆம் தேதி அதிகாலை 4 மணி அளவில், வேலூருக்கு மேற்கே 3.6 ரிக்டர் அளவில் நிலம் அதிர்ந்தது. டிசம்பரிலும் பேரணாம்பட்டுப் பகுதியில் மக்கள் அதிர்வை உணர்ந்தார்கள். 3.6 என்பது சிறிய அதிர்வுதான், நல்ல கட்டடத்தை அது ஒன்றும் செய்யாது. ஆனால் ஒரு மாத மழையில் ஊறிப்போன மண்சுவருக்கு அது சிறியது ஆகுமா?

தொழிலிலும் ஆபத்து இருக்கிறது. 2015 ஜனவரி 31ஆம் தேதி ராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் கழிவுச் சேறு பாய்ந்தது. 10 பேர் இறந்தார்கள். தோல் தொழிற்சாலைக் கழிவுக் குழிகளில் ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயு தேங்கும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்குக்கு அந்த நாற்றமே தெரியாமல் போய்விடும். குழியில் இறங்கியவர் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இன்னொருவர் எதையும் யோசிக்காமல் இறங்குவார், அவரும் விழுவார். இப்படி உதவப் போனவரே இறந்து போவதுதான் இதில் பெரிய கொடுமை. அவருக்கு இரக்கம் இருந்தது, பயிற்சி இல்லை.

இவற்றோடு குடியாத்தத்தில் தீப்பெட்டித் தொழில் உண்டு, தீ விபத்துப் பயமும் உண்டு. ஆந்திராவின் கவுண்டன்யா சரணாலயத்திலிருந்து யானைகள் எல்லை தாண்டி வந்து வயல்களை மிதிப்பதும் எல்லையோரக் கிராமங்களில் வழக்கமாகிவிட்டது.

ஆர்மீனியா சொல்லும் பாடம்

எல்லை என்றதும் தூரத்தில் இருக்கும் ஆர்மீனியாவின் நினைவு வருகிறது. 1988 டிசம்பர் 7ஆம் தேதி அங்கே ஸ்பிதாக் நகரப் பகுதியில் வந்த நிலநடுக்கத்தில் சுமார் 25,000 பேர் இறந்தார்கள். பள்ளிக்கூடங்களும் அடுக்குமாடி வீடுகளும் பொலபொலவென்று சரிந்தன. உலகமே ஓடி வந்து உதவியது. ஆனால் இறந்தவர்கள் இறந்தவர்கள்தானே!

அதே நாட்டில் அஜர்பைஜான் எல்லையை ஒட்டிய தவுஷ் மாகாணத்துக் கிராமங்களில் பின்னாளில் வேறு விதமான உதவிகள் நடந்தன. துப்பாக்கிச் சூட்டுக்குப் பயந்து வாழும் ஊர்கள் அவை. செஞ்சிலுவைச் சங்கம் போன்ற அமைப்புகள் அங்குள்ள பள்ளிகளில் பாதுகாப்பு அறைகளை அமைத்தன. குண்டு வரக்கூடிய திசையில் தடுப்புச் சுவர் எழுப்பின. ஊர்க்காரர்களுக்கு முதலுதவி கற்றுக்கொடுத்தன. அடிபட்ட பிறகு மருந்து கொடுப்பதும் தர்மம், அடிபடாமல் ஒரு சுவர் எழுப்பித் தருவதும் தர்மம்தான் என்பதை அந்த ஊர்களில் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

குடியாத்தத்துக்கு அருகிலும் ஓர் எல்லை இருக்கிறது. நல்லவேளையாக அங்கே துப்பாக்கி இல்லை. ஆறும் யானையும்தான் எல்லை தாண்டி வருகின்றன. அவற்றுக்குத் தயாராக இருப்பது ஆர்மீனியர்களின் வேலையைவிட எத்தனையோ மடங்கு சுலபம்.

நல்லவாடு ஒலிபெருக்கி

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். புதுச்சேரிக்குப் பக்கத்தில் நல்லவாடு என்று ஒரு மீனவக் கிராமம் இருக்கிறது. அங்கே எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு கிராம அறிவு மையம் அமைத்து, ஒலிபெருக்கியும் வைத்துக் கொடுத்திருந்தது. அலை உயரம், காற்று, மீன் நிலவரம் போன்ற செய்திகளை அதில் சொல்வார்கள். 2004 டிசம்பர் 26ஆம் தேதி, சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர்க்காரர் ஒருவர் சுனாமிச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு ஊருக்குப் போன் செய்தார். ஊர் மக்கள் மையத்தின் கதவை உடைத்து உள்ளே போய், ஒலிபெருக்கியில் எல்லோரையும் ஓடச் சொன்னார்கள். சுமார் 3,600 பேர் வாழ்ந்த ஊர் உயிர் பிழைத்தது.

இதில் பெரிய விஞ்ஞானம் எதுவும் இல்லை. ஒரு போன், ஒரு ஒலிபெருக்கி, அவ்வளவுதான். ஆனால் அந்த ஒலிபெருக்கி சுனாமிக்காக மூட்டை கட்டி வைத்த ஒலிபெருக்கி அல்ல. அது வழக்கமாக ஒலித்தது, அதனால்தான் ஆபத்து நாளிலும் மக்கள் அதை நம்பினார்கள். தயார்நிலைக்காகத் தர்மம் செய்ய நினைக்கும் எவரும் மனத்தில் வைக்க வேண்டிய பாடம் இது. சாதாரண நாளில் உபயோகப்படும் பொருள்தான் அவசர நாளிலும் உபயோகப்படும்.

என்ன செய்யலாம்?

குடியாத்தத்தில் ஒலிபெருக்கி இல்லாத தெரு எது? பள்ளிவாசலில் இருக்கிறது, கோயிலில் இருக்கிறது, சர்ச்சில் இருக்கிறது. மோர்தானா அணை வழிகிறது என்ற செய்தி வந்த பத்தாவது நிமிடம் அவை அத்தனையும் ஒரே செய்தியைச் சொல்ல ஓர் ஏற்பாடு செய்தால் போதும். மின்சாரம் போனால் ஓடுவதற்கு ஒரு பேட்டரி வேண்டும், அதை வாங்கிக் கொடுப்பது ஒரு தர்மம். எல்லைக்கு அப்பாலும் இப்பாலும் பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பங்கள் உண்டு. மேலே இருக்கும் மாமன் வீட்டுப் போன், கடிதத்தைவிட வேகமாக வரும். அந்த எண்களைச் சேகரித்து, தமிழும் தெலுங்கும் தெரிந்த நாலு பேரை அதற்குப் பொறுப்பாக்க வேண்டும்.

புரட்டாசி மாதமே ஆற்றங்கரைத் தெருக்களிலும் பழைய ஓட்டு வீடுகள் உள்ள தெருக்களிலும் கொத்தனார்களை அழைத்துக்கொண்டு ஒரு சுற்று வரலாம். எந்தச் சுவர் உப்பியிருக்கிறது, எந்தச் சுவரில் விரிசல் விழுந்திருக்கிறது என்று அனுபவமுள்ள கொத்தனார் பார்த்தவுடனே சொல்லிவிடுவார். சரி செய்ய முடிந்ததைச் சரி செய்யலாம். முடியாத வீட்டில் இருப்பவர்களுக்கு, பெருமழை நாட்களில் எந்தக் கல்யாண மண்டபத்தில், எந்தப் பள்ளியில் தங்குவது என்று முன்பே சொல்லி வைக்கலாம். இடத்தை மட்டும் சொன்னால் போதாது. பெண்களுக்குத் தனிக் கழிப்பறையும் குழந்தைக்குப் பாலும் அங்கே கிடைக்கும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் மக்கள் வீட்டை விட்டு வருவார்கள். இல்லாவிட்டால் இடியப்போகும் சுவருக்குக் கீழேயே படுத்திருப்பார்கள்.

தொழிற்சாலைகளில் ஒரே ஒரு பாடத்தையாவது எல்லாத் தொழிலாளர்களுக்கும் அவர்கள் மொழியிலேயே கற்றுக்கொடுக்க வேண்டும். பிராணவாயுக் கருவியும் இடுப்புக் கயிறும் இல்லாமல் குழியில் விழுந்தவரைத் தூக்க இறங்கக் கூடாது என்பதே அந்தப் பாடம். இதைப் பல முறை ஒத்திகை பார்த்தால்தான் பதற்றத்தில் நினைவுக்கு வரும்.

"இது அரசாங்கத்தின் வேலை இல்லையா?"

நியாயமான கேள்விதான். ஆற்றங்கரையைப் பாதுகாப்பதும், தொழிற்சாலைகளைச் சோதிப்பதும், மாற்று வீடு கொடுப்பதும் அரசின் கடமை. அதைக் கேட்டு வாங்க வேண்டும், தர்மம் அதற்கு ஈடாகாது. தொழிலாளியின் பாதுகாப்பு முதலாளியின் சட்டக் கடமை, அதையும் நன்கொடைக் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

ஆனால் முதல் ஒரு மணி நேரம் என்று ஒன்று இருக்கிறது. தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4ஆவது பட்டாலியன் அரக்கோணத்தில் இருக்கிறது. அவர்கள் எவ்வளவு விரைந்து வந்தாலும் குடியாத்தம் சேர இரண்டு மணி நேரமாவது ஆகும். பாலம் மூழ்கியிருந்தால் இன்னும் கூடும். அதுவரை இடிபாட்டை விலக்கப் போவது பக்கத்து வீட்டுக்காரர்தான். அவருக்குக் கடப்பாரை, டார்ச், கயிறு, கொஞ்சம் முதலுதவி அறிவு இருக்கிறதா இல்லையா என்பதில்தான் உயிர் இருக்கிறது.

இன்னொரு தடையும் உண்டு, அதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அரிசி மூட்டை கொடுத்தால் வாங்குபவர் முகத்தில் நன்றி தெரியும், பத்திரிகையில் படம் வரும். விழாத சுவருக்கு யாரும் நன்றி சொல்ல மாட்டார்கள். பேட்டரி வாங்கிக் கொடுத்தவருக்கு மாலை போட மாட்டார்கள். வெள்ளம் வராத வருடத்தில் "வீண் செலவு" என்றுகூடப் பேசுவார்கள். பெயர் எதிர்பார்க்காமல் கொடுப்பதே உயர்ந்தது என்று எல்லா மதங்களும் சொல்கின்றன. அப்படிப் பார்த்தால் இதைவிட உயர்ந்த தர்மம் வேறு எது?

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். பேரணாம்பட்டில் போன 9 உயிர்கள் இனித் திரும்பி வரப் போவதில்லை. ஆனால் அந்த மாதிரி மண்சுவர்கள் இந்தப் பகுதியில் இன்னும் எத்தனையோ நின்றுகொண்டிருக்கின்றன. அடுத்த ஐப்பசி வருவதற்குள் ஒவ்வொரு ஜமாஅத்தும், ஒவ்வொரு கோயில் கமிட்டியும், ஒவ்வொரு சங்கமும் தங்கள் தெருவில் உள்ள சுவர்களை மட்டும் எண்ணிப் பார்த்தால் போதும். மற்றதெல்லாம் அதன் பிறகு தானாக வரும்.